கொப்பரையின் காது

எனக்கு நடுவில் கோடு போட்டு இரண்டு பத்தியாக எழுதுவது என்றால் உயிர். பாலிடெக்னிக்கில் மூன்று வருஷமும் அதில்தான் பேர் வாங்கினேன். உலோகத்தை உருக்கி ஊற்றுவதற்கும் அடித்து உருவாக்குவதற்கும் உள்ள வேறுபாடுகளை எழுதுக என்று கேள்வி வந்தால் மற்றவர்கள் நகத்தைக் கடிப்பார்கள். நான் ஸ்கேலை எடுத்துக் கோடு போட்டுவிடுவேன். இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. பலம், எடை, நேரம், பளபளப்பு. பத்துக்கு ஒன்பது நிச்சயம். உலகத்தில் எதையும் எதற்கும் எதிரே நிறுத்தி இப்படி மார்க் போட்டுவிடலாம் என்று நினைத்திருந்தேன். மண்டைக்கனம், வேறென்ன.

பெருமையடித்துக்கொள்ள இதை எழுதவில்லை. அப்படி நான் போட்ட ஒரு பட்டியலால் ஒரு பெண்ணின் கால் வெந்தது, வேலையும் போனது. இதை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. சொல்ல ஆரம்பித்த இரண்டொரு தடவையும் என் பங்கு வரும் இடத்தில் குரலைத் தாழ்த்தி, வேகமாகக் கடந்துவிட்டேன். இங்கே அப்படிச் செய்யாமல் சொல்லப் பார்க்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில், திருவனந்தபுரத்தில், ஹோட்டல்களுக்கும் விடுதிகளுக்கும் எவர்சில்வரில் பெரிய சமையல் பாத்திரம் செய்கிற சின்ன தொழிற்சாலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். இருபத்துமூன்று வயது. ஸ்ரீவராகத்தில் வீடு. காலையில் கிழக்கேகோட்டை வரை நடந்து பஸ் பிடிப்பேன். வரைபட மேஜையில் நானும், எனக்கு மேலே ஒரு எஞ்சினியர் சாரும். நல்ல மனிதர். எதையும் எழுதிக் காட்டினால்தான் நம்புவார். அதனால் என்னை அவருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

அங்கே பேச்சு முழுக்க மலையாளம்தான். எனக்கு அது தண்ணீர் பட்ட பாடு. பள்ளிக்கூடமே அதில்தானே. தமிழ் வீட்டோடு சரி. தமிழ்நாட்டிலிருந்து பிழைக்க வருகிறவர்களை எங்கள் பட்டறையில் பாண்டி என்பார்கள். கோணலாக இருந்தால் பாண்டிப் பணி, மட்டமாக இருந்தால் பாண்டிச் சரக்கு. ஒரு நாள் லேத் ஆபரேட்டர் அப்படி எதையோ சொல்லிவிட்டு, நான் நிற்பதைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார். "அய்யோ, நீ பாண்டியல்லல்லோ. நீ நம்முடெ பட்டத்தியல்லே" என்றார். நீ நம்ம அக்ரகாரத்துப் பெண், அவர்களோடு சேர்த்தி இல்லை என்று அர்த்தம். கோபம் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது சந்தோஷம். பல்லைக் காட்டிச் சிரித்தேன். அந்தச் சிரிப்பைத்தான் முதலில் எழுத வேண்டும், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு வந்தது.

பெண்கள் விடுதி ஒன்றிலிருந்து இட்லிக் கொப்பரைக்கு ஆர்டர் வந்தது. ஒரு ஈட்டுக்கு நூறு இட்லிக்கு மேல் வேகிற கொப்பரை, அடியில் இருபது லிட்டர் தண்ணீர். அவர்களிடம் இருந்த பழையது நாகர்கோவில் பக்கம் செய்த அலுமினியக் கொப்பரை. கனத்த உடம்பு, அங்கங்கே நெளிவு. இரண்டு பக்கமும் கைப்பிடி, அதைத் துளை போட்டு, ஆணி நுழைத்து, உள்பக்கம் தலையை அடித்துப் பரப்பியிருந்தார்கள். ரிவெட் என்பது அதைத்தான். அடி ஓட்டை விழுந்துவிட்டதால் புதியது கேட்டார்கள். சார் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கும் நாம் செய்யப்போவதுக்கும் ஒரு ஒப்பீடு எழுதிக் கொடு. வார்டனுக்குப் புரிகிற மாதிரி இருக்க வேண்டும்" என்றார்.

கேட்க வேண்டுமா! அன்று மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டே கோடு போட்டேன். அலுமினியத்துக்கு எதிரே எவர்சில்வர். ரிவெட்டுக்கு எதிரே ஸ்பாட் வெல்டிங். ஸ்பாட் வெல்டிங் என்பது இரண்டு தகடுகளை ஒன்றின் மேல் ஒன்று வைத்து, மேலும் கீழும் செம்பு முனையால் அழுத்தி, ஒரு கணம் மின்சாரம் விடுவது. அந்தப் புள்ளி மட்டும் உருகி ஒட்டிக்கொள்ளும். துளை கிடையாது. துளை இல்லாததால் கசிவு கிடையாது. ஆணித் தலை இல்லாததால் இடுக்கில் மாவு அடையாது, தேய்க்கச் சுலபம், பார்க்க வழவழவென்று இருக்கும். வேலையும் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். ஒவ்வொன்றும் உண்மைதான். பொய் ஒரு வரிகூட இல்லை. ரிவெட்டின் பத்தியில் கடைசியில், "தோற்றம்: நாட்டுப்புறத் தயாரிப்பு" என்று இங்கிலீஷில் எழுதினேன். பாண்டி என்பதற்கு நான் கண்டுபிடித்த நாகரிகமான வார்த்தை.

பலம் என்ற வரிக்கு ஒரு சோதனையும் செய்தோம். கொப்பரையின் இரண்டு கைப்பிடியையும் சங்கிலியில் மாட்டிச் செங்குத்தாகத் தூக்கினோம். உள்ளே மணல் மூட்டைகளை வைத்தோம். ஒரு நாள் முழுக்கத் தொங்கியது. ஒரு மயிரிழை அசையவில்லை. நான் டிக் போட்டேன்.

கொப்பரையைக் கொண்டுபோய் இறக்கிய காலையில் சாரும் நானும் விடுதிச் சமையற்கட்டுக்குப் போனோம். வார்டன் அம்மாள் வாசல் பக்கமாக நின்றார். சமையல் செய்கிறவள் வள்ளியூர்ப் பக்கத்துப் பெண்பிள்ளை. முப்பத்தைந்து வயது இருக்கும். பின்கட்டில் ஒரு அறையில் அங்கேயே தங்கியிருந்தாள். கொப்பரையைப் பார்த்ததும், "ஆத்தீ, மொகமே தெரியுதே" என்று குனிந்து நெற்றிப் பொட்டைச் சரிசெய்துகொண்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நன்றாகத்தான் ஆரம்பித்தது.

முதல் ஈடு வேகட்டும் என்று நின்றோம். நான் மூடியை லேசாக நகர்த்தப் போய் விரல் பட்டுவிட்டது. "அம்மாடி, சுடறதே!" என்று கத்திவிட்டேன். வலியில் வருகிற பாஷை வீட்டு பாஷைதானே.

அவள் முகம் அப்படியே மலர்ந்தது. "எம்மா, நீங்க தமிழா? இத மொதல்லயே சொல்லப்படாதா? நான் இந்த மலையாளத்துல கெடந்து முழிச்சிட்டு நிக்கேன்!" மாவு ஒட்டிய ஈரக் கையால் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். வார்டன் புன்னகை செய்தார். சாரும்தான். யாரும் தப்பாக ஒன்றும் நினைத்திருக்க மாட்டார்கள். எனக்குத்தான் உடம்பு கூசியது. இஸ்திரி போட்ட சுடிதாரில் ஐந்து விரலும் வெள்ளையாகப் பதிந்திருந்தது. நீயும் நானும் ஒன்று என்று அவள் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்ட மாதிரி இருந்தது. சீ, என்ன புத்தி அது.

இட்லி நன்றாக வெந்தது. கொப்பரையைக் கீழே இறக்க ஒரு வேலைக்காரி வந்து கை கொடுத்தாள். அதன் பிறகுதான் சமையல்கார அக்கா கைப்பிடியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். உள்பக்கம் ஆணித் தலை இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தாள். முகம் மாறியது.

"எம்மா, அந்த சார்ட்ட ஒண்ணு சொல்லுங்க. எனக்கு இத மலையாளத்துல சொல்லத் தெரியாது. இந்தக் காது நிக்காது."

பாத்திரத்தின் கைப்பிடியைக் காது என்றாள்.

"அடுப்பவிட்டு எறக்கத்தான் ரெண்டு பேரு. அதோட அவ போயிருவா. மிச்ச வெந்நிய நான் ஒத்தையில கொட்டணும். இம்புட்டுக் கனத்த எவ தூக்குவா? சரிச்சுதான் ஊத்துவேன். இந்தா பாருங்க, இப்பிடி."

செய்தே காட்டினாள். தரையில் ஓரமாக ஒரு சின்ன வாய்க்கால், வெந்நீர் போக. கொப்பரையை அதன் விளிம்புக்கு நகர்த்தினாள். இவள் வாய்க்காலுக்கு எதிர்ப்பக்கம் நின்றாள். ஈரத் துணியை முறுக்கிக் கைப்பிடிக்குள் நுழைத்து, கயிறு மாதிரி பிடித்துக்கொண்டு, காலை அகட்டித் தன் பக்கமாக இழுத்தாள். கொப்பரையின் அடி விளிம்புக் கல்லில் முட்டிக்கொள்ள, அது மெல்லச் சாய்ந்து வெந்நீர் ஆவியோடு வாய்க்காலில் விழுந்தது. சிந்தாமல், சிதறாமல். ஒத்தையில் அவ்வளவு பெரிய பாத்திரத்தைக் கவிழ்க்க அதைவிட நல்ல வழி இன்றுவரை எனக்குத் தோன்றவில்லை.

"பழசுல ஆணி அடிச்சிருக்கு. இழுக்க இழுக்க நிக்கும். இது சும்மா ஒட்டுனதுல்லா? ஓரத்துலருந்து பிரிஞ்சுரும் பாத்துக்கிடுங்க. சார்ட்ட சொல்லுங்கம்மா."

அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஸ்டிக்கர் பொட்டை நெற்றியில் வைத்து விரலால் மேலும் கீழும் தள்ளிப் பாருங்கள், லேசில் நகராது. ஓரத்தில் நகத்தைக் கொடுத்தால் தொட்டவுடன் வந்துவிடும். ஸ்பாட் வெல்டிங்கும் அப்படித்தான். தகடு ஒன்றின் மேல் ஒன்று வழுக்கப் பார்த்தால் பிடித்துக்கொள்ளும். ஓரத்திலிருந்து உரித்தால் வந்துவிடும். இது பாடப் புத்தகத்தில் இருந்தது. பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். நாங்கள் மணல் மூட்டை வைத்து மேலே தூக்கிப் பார்த்தோம். யாரும் வெளிப்பக்கம் இழுத்துப் பார்க்கவில்லை. அவள் துணியை நுழைத்த அந்த நிமிஷமே எனக்கு மண்டையில் உறைத்துவிட்டது.

சார் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "எந்தா அவள் பறயுன்னே?"

என்ன சொல்கிறாள் என்று கேட்டார். வாயைத் திறந்து சொல்லியிருந்தால் தீர்ந்தது. நாலு ஆணி. அரை மணி நேர வேலை. ஆனால் சொன்னால் என் பட்டியல் தப்பு என்று ஆகும். அதுவும் யார் சொல்லி? சுடிதாரில் மாவுக் கையை வைத்தவள் சொல்லி. நான் அவளுக்கு துபாஷியாக, அவள் கட்சியில் நின்றுகொண்டு, சாரோடு வாதாட வேண்டும்.

"ஒந்நுமில்ல சார்," என்றேன். "சீலத்தின்றெ காரியமா." ஒன்றுமில்லை, பழக்க விஷயம்தான்.

அதோடு விட்டேனா? அவள் பக்கம் திரும்பி, இது புது மாதிரி, போகப் போகப் பழகிவிடும் என்று மலையாளத்தில் சொன்னேன். மலையாளத்தில்! கொஞ்ச நேரம் முன்னால் சுடறதே என்று கத்தின அதே வாயால். அவள் என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. ஏதோ வேறு ஒருத்தி என்று நினைத்துத் தோளைத் தொட்டுவிட்டவள் மாதிரி சட்டென்று கையைப் பின்னால் இழுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "செரி மேடம்" என்றாள். அதுவரை எம்மா என்றவள்.

மறுநாள் ஞாயிறு. அம்மா சாதம் வடித்துக்கொண்டிருந்தாள். வெண்கலப் பானையைத் தூக்கவில்லை. துணியால் பிடித்து, தன் பக்கம் இழுத்து, சரித்துக் கஞ்சியை விட்டாள். பிறந்ததிலிருந்து பார்க்கிற காட்சி. நான் அப்படியே நின்றுவிட்டேன்.

"என்னடி அப்படி முழிக்கறே? தள்ளி நில்லு, மேல கொட்டிக்கப் போறது" என்றாள்.

உட்கார்ந்து சாப்பிட்டேன். திங்கட்கிழமை சாரிடம் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். திங்கட்கிழமை வேறு ஆர்டர் வந்தது. அதற்கடுத்த வாரம், இப்போது போய்ச் சொன்னால் அன்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்பாரே என்று தோன்றியது. நாளாக ஆக, சொல்வது கஷ்டமாகிக்கொண்டே போனது. வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தேன்? நாலு மாதம். நூற்றிருபது காலை அவள் அந்தக் காதில் துணியை நுழைத்து இழுத்திருக்கிறாள்.

ஒரு புதன்கிழமை காலை காது பிய்ந்தது. கொப்பரை பாதி சரிந்திருந்த நேரம். இழுத்த வேகத்தில் அவள் பின்னால் உட்கார, இடது கால் முன்னால் நீள, பிடி விட்ட கொப்பரை முன்னும் பின்னும் ஆடித் ததும்பி, அந்தக் கால்மேல் கொட்டியது. முழங்காலுக்குக் கீழே பாதம் வரை. கையில் துணியும் அதில் மாட்டிய கைப்பிடியும் அப்படியே இருந்தன என்று வார்டன் போனில் சொன்னார்.

நான்தான் போய்ப் பார்க்க வேண்டியிருந்தது. அவளைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். நான் பார்க்கப் போனது கொப்பரையை. நாலு வெல்டிங் புள்ளியும் மேலிருந்து வரிசையாக உரிந்திருந்தன. மேல் இரண்டும் முன்னாலேயே விட்டுப்போய்க் கறுத்திருந்தன, கீழ் இரண்டும் புத்தம் புதிதாகப் பளபளத்தன. அதைப் பார்த்தாலே எது எப்போது போனது என்று சொல்லிவிடலாம். தரையில் ஒரு இட்லித் துணி உலர்ந்து சுருண்டு கிடந்தது. அதைத் தாண்டித்தான் நடந்தேன்.

சாயங்காலம் சார் மேஜைமேல் அந்தக் கைப்பிடியை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "தூக்கும்போது போனதா?" என்று கேட்டார்.

"இல்லை சார். பிடித்து இழுத்திருக்கிறாள்."

"இழுப்பதற்கு இல்லையே இது." பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "அன்றைக்கு அந்த ஸ்திரீ ஏதோ காட்டிக் காட்டிச் சொன்னாளே. அது என்ன?"

அவருக்கு நினைவிருந்தது. நல்ல மனிதர் என்று சொன்னேனே. ஒரு தடவை தப்பிப்போன வார்த்தையை இரண்டாம் தடவையும் கையில் கொண்டுவந்து கொடுத்தார். முதல் தடவை வாய் தவறியது என்றாவது சொல்லிக்கொள்ளலாம். இந்தத் தடவை எனக்கு யோசிக்க நேரம் இருந்தது. அந்தக் கால் வெந்து கிடப்பது தெரியும், காரணம் தெரியும், எல்லாம் தெரிந்துதான் சொன்னேன்.

"பழையதுதான் பிடித்திருக்கிறது என்றாள் சார். அவ்வளவுதான்."

அவர் தலையாட்டினார். அறிக்கை எழுதச் சொன்னார். எழுதினேன். கைப்பிடி தூக்குவதற்காக வடிவமைக்கப்பட்டது; பக்கவாட்டில் இழுத்தது பயன்படுத்தியவரின் முறையற்ற கையாளல். நல்ல இங்கிலீஷ். அதிலும் பொய் இல்லை, பாருங்கள். மனசாட்சியே இல்லாமல் உண்மைகளை மட்டும் வைத்துப் பூசி மெழுகலாம் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு விடுதிக்காரர்கள் அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். பின்கட்டு அறையும் போயிற்று. இதை மூன்று வாரம் கழித்துத்தான் கேள்விப்பட்டேன், அன்று கொப்பரையை இறக்கக் கை கொடுத்த வேலைக்காரி சொல்லி. சாலை பஜாருக்குப் பின்னால் சொந்தக்காரி ஒருத்தியின் ஒற்றை அறையில் இருப்பதாகச் சொன்னாள்.

ஆரஞ்சும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு போனேன். வாசலில் நிற்கும்போதே என்ன பேச வேண்டும் என்று தமிழில் ஒத்திகை பார்த்துக்கொண்டேன். அக்கா, தப்பு என்னுடையது. நீங்கள் சொன்னதை நான் சொல்லவில்லை. எவ்வளவு நேரம் ஆகும் இதைச் சொல்ல?

அவள் பாயில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கால் முழுக்கக் கட்டு, கட்டுக்கு வெளியே விரல்கள் தோல் உரிந்து ரோஜா நிறமாக. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள்.

"இரிக்கணும் மேடம்," என்றாள். உட்காருங்கள் என்று, மலையாளத்தில்.

"அக்கா, எழுந்திருக்காதீங்கோ. வலி எப்படி இருக்கு?" நான் தமிழில் கேட்டேன்.

"கொறவுண்டு மேடம்." குறைந்திருக்கிறது. அதுவும் மலையாளம்தான். தட்டுத் தடுமாறி, சொல்லுக்குச் சொல் தேடி, அடுக்களையில் நாலு வருஷம் பொறுக்கிச் சேர்த்த மலையாளம். நான் இரண்டாம் தடவை தமிழில் ஏதோ சொன்னேன். அவள் மலையாளத்தை விடவில்லை. குத்திக்காட்டுகிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. மேடத்துக்குத் தமிழில் பேசினால் பிடிக்காது என்று தெரிந்துகொண்டு, மரியாதைக்காகப் பேசுகிறாள். அன்று கையைத் துடைத்தாளே, அதே மரியாதை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

பிறகு அவள் சொன்னாள். "தெற்று என்றேதா மேடம். வலிக்கான் பாடில்லாயிருந்நு." தப்பு என்னுடையதுதான், இழுத்திருக்கக் கூடாது. வார்டன் தாளைப் படித்துச் சொன்னாராம். படித்தவர்கள் எழுதியது சரியாகத்தான் இருக்கும் என்று அவளே தீர்மானித்திருந்தாள். வாய்க்கால் ஓரம் நின்று பொட்டில் அடித்த மாதிரி உண்மையைச் சொன்னவளை, நான் எழுதிய ஒரு பக்கம் இப்படி ஆக்கிவிட்டது. இனிமேல் தூக்கியே எடுக்கிறேன், இழுக்க மாட்டேன், வார்டனிடம் ஒரு வார்த்தை சொல்வீர்களா மேடம் என்று கேட்டாள்.

ஒத்திகை பார்த்த வரியைச் சொல்ல வேண்டிய இடம் அதுதான். சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? என் வேலை போயிருக்கலாம். போகாமலும் இருந்திருக்கலாம், சார் அப்படிப்பட்டவர் இல்லை. ஆனால் அந்த ஒற்றை அறையில் எனக்கு வேலையைப் பற்றிய பயம்கூட இல்லை. என் முகத்தைப் பார்த்து அவள் அதைப் புரிந்துகொள்கிற அந்த ஒரு நிமிஷத்தைத்தான் என்னால் எதிர்கொள்ள முடியவில்லை.

"பறயாம்" என்றேன். சொல்கிறேன். மலையாளத்தில்தான் சொன்னேன். ஆரஞ்சை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் வார்டனுக்குப் போன் செய்தேன். வேறு ஆள் போட்டாயிற்று என்றார். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு அப்போது நிம்மதியாக இருந்தது. இனி நான் செய்வதற்கு ஒன்றுமில்லை என்கிற பாழாய்ப்போன நிம்மதி. இரண்டு மாதம் கழித்து அந்தப் பக்கம் போனபோது அறையில் வேறு குடித்தனம். ஊருக்குப் போய்விட்டாள் என்றார்கள்.

அடுத்து செய்த கொப்பரைகளுக்கு நான் ரிவெட் வைத்தேன். சாரிடம், புதிதாக ஒரு சோதனை சேர்க்கலாம் சார் என்றேன். கைப்பிடியில் ஈரத் துணியை முறுக்கி நுழைத்து, அடியை ஒரு கல்லில் முட்டுக் கொடுத்து, ஒரு ஆள் தன் பக்கமாக இழுக்க வேண்டும், ஐந்நூறு தடவை. சார் எழுந்து வந்து கையைக் குலுக்கினார். இதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் இல்லை, சமையற்கட்டில் நின்று பார்த்தவளுக்குத்தான் தோன்றும் என்று எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னார். பட்டறையில் அதற்கு மேடம் டெஸ்ட் என்றே பேர் விழுந்தது. அந்த டெஸ்டுக்குப் பிறகு எங்கள் பாத்திரத்தின் காது ஒன்றுகூடப் பிய்ந்ததில்லை. அந்த வருஷ ஓணத்துக்கு எனக்குச் சம்பளம் ஏற்றினார்கள். வாங்கிக்கொண்டேன்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் கழித்து, தரச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று கம்பெனியில் எல்லாவற்றையும் எழுதி வைக்கச் சொன்னார்கள். ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு தாள். எனக்குப் பிடித்த மாதிரி, கட்டம் கட்டமாக. சோதனையின் பெயர், செய்முறை, எத்தனை தடவை, எதற்காக. எல்லாம் நிரப்பினேன். கடைசிக் கட்டம், இந்த முறையை உருவாக்கியவர்.

பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அப்போதுதான் உறைத்தது, எனக்கு அவள் பெயர் தெரியாது. அக்கா என்றேன், அந்த ஸ்திரீ என்றோம், அறிக்கையில் பயன்படுத்தியவர் என்று எழுதினேன். ஒரு தடவைகூட உங்கள் பேர் என்ன என்று கேட்கவில்லை. விடுதியின் போன் நம்பர் முதுகுக்குப் பின்னால் அலமாரியில் பழைய ஆர்டர் ஃபைலில் இருந்தது. போன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதே வார்டன்தான் இன்னும் இருந்தார். ஒரு நிமிஷ வேலை.

கட்டத்தில் என் பெயரை எழுதினேன். கையெழுத்துக்காக சாரிடம் கொடுத்தேன். அவர் படித்துப் பார்த்து, சரி என்று சொல்லிப் போட்டுக் கொடுத்தார்.